பஞ்சுக்கோழிகளும் அம்மாவின் இடது கையும்

ஏழாலை கிழக்கு,
சுன்னாகம்.
மார்கழி 11

அன்புள்ள மகள் சிவகௌரிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீயும் மருமகன் மயூரதனும் பேரன் லக்ஷனும் வயிற்றில் இருக்கிற சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் நனைந்துகொண்டே போய்ப் பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு வந்து இருந்து இதை எழுதுகிறேன். கோயில் வீதியெல்லாம் வெள்ளம், ஐயர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார், பிள்ளையாரைத் தவிர வேறொருவருக்கும் நிற்க உலர்ந்த இடம் இல்லை. இங்கே எனக்குச் சுகம். அம்மாவின் சுகத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். பயப்படாதே, அம்மா விழவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, வலது பக்கத்தில் வழக்கம் போல அதிகாரம் குறையாமல்தான் இருக்கிறார். ஆனால் போன கிழமை நீ போனில் கேட்டாயே, மாசியில் உன் பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வருவாரா மாட்டாரா, டிக்கெட் போடவா விடவா என்று, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். நீ முகத்தைக் காட்டுங்கோ என்கிறாய், முகத்தைக் காட்டினால் அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்துவிடுகிறார், பிறகு நான் மழையைப் பற்றியும் மதவடியில் உடைந்த றோட்டைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். பக்கத்து வளவு நிர்மலன் அடுத்த கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து வாசி, அடுப்பில் கறியை வைத்துவிட்டு வாசிக்காதே.

கோழியில் இருந்துதான் தொடங்க வேண்டும். சிரிப்பு வந்தால் சிரி. பங்குனியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு கால் மெல்ல மெல்ல வந்தது, கை வரவில்லை. பயிற்சி சொல்லித்தர வந்த பிள்ளை ஒரு றப்பர் பந்தைக் கொடுத்து அமத்தச் சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன நாய்க்குட்டியோ பந்து விளையாட என்று அம்மா அதை வேலிக்கு அப்பால் எறிந்தார், எறிந்தது வலது கையால்தான். அந்த நேரத்தில் நீ, லக்ஷன் ஏதோ வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட சில்க்கிக் கோழியை நினைத்துக்கொண்டு, அச்சுவேலியில் அலங்காரக் கோழி வளர்க்கிற குகதாசனைத் தேடிப்பிடித்து ஐந்து கோழி அனுப்பிவைத்தாய், அம்மாவுக்கு ஒரு பராக்காக இருக்கும் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். கோழி எண்டால் ஒண்டில் ஒழுங்காய் முட்டை போட வேணும், இல்லாட்டிக் குழம்பாக வேணும், உது ரெண்டுக்கும் உதவாத சாமான் என்றேன். கறுத்த தோல், கால் விரலிலும் மயிர், கண்ணை மறைக்கிற கொண்டை, இறகு என்று சொல்ல ஒன்றும் இல்லை, கிழிந்த தலையணையில் இருந்து கொட்டின பஞ்சு எழும்பி நடந்து திரிகிற மாதிரி. பஞ்சுக்கோழி என்று நான் நக்கலுக்கு வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மகள், அதுகள் மடியில் ஏறினால் இறங்குகிற சாதி இல்லை. அம்மா விறாந்தையில் கதிரையில் இருந்துகொண்டு வலது கையால் அணைத்துப் பிடித்து இடது கையால் தடவத் தொடங்கினார். பந்தை அமத்த மறுத்த விரல்கள் அந்தப் பஞ்சுக்குள் போய் விரிந்தன. ஆவணிக்குள் தேத்தண்ணிக் கோப்பை பிடித்தார். அதே ஆவணியில்தான் நீயும் இரண்டாவது பிள்ளை என்று செய்தி சொன்னாய். லக்ஷன் பிறக்கேக்கை கொரோனா எண்டு பிளேனை நிப்பாட்டிப் போட்டாங்கள், என்ரை பிள்ளை தனியக் கிடந்து போனைப் பாத்துப் பாத்துக் குழந்தையைக் குளிப்பாட்டினவள், இந்த முறை ஆர் நிப்பாட்டுறாங்கள் எண்டு பாப்பம் என்று அம்மா சொன்னார். மீன்காரனுக்கும் பால்காரனுக்கும் கூடக் கனடாப் பயணம் சொல்லி முடித்தாகிவிட்டது. டொக்டரும், கை இப்படியே தேறி வந்தால் போகலாம், தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றிருந்தார்.

கார்த்திகையில் மழை பிடித்தது, இன்றுவரை விட்டபாடில்லை. ஊர்க்கோழிக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஒரு துளி விழுந்தால் மாட்டுக் கொட்டிலுக்குள் ஓடிவிடும், இறகில் விழுந்த தண்ணீர் வழிந்துவிடும், ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் சரி. இதுகள் மழைக்குள் நடுமுற்றத்தில் அப்படியே நிற்கும், தோல் வரை ஊறும், பிறகு நின்ற இடத்திலேயே நடுங்கும். பறக்கவும் ஏலாது, கொப்பில் ஏறிப் படுக்கவும் தெரியாது, பொழுதுபட்டால் நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், நிலம் ஈரம் என்றால் அடியில் கிடப்பதுதான் முதலில் போகும். தலைமயிர் நனைஞ்சால் சளி பிடிச்சுப் போடும் அண்ணை, எப்பிடியாவது உலர்த்தியாய் வைச்சிருங்கோ என்று குகதாசன் தரும்போதே சொல்லித்தான் தந்தவன். இதை உன்னிடம் சொன்னபோது நீ கெதியாகவே வழி சொன்னாய். நாலு பக்கமும் இறுக்கி மூடுங்கோ அப்பா, ஒரு துளி காத்தும் உள்ளுக்குப் போகக் கூடாது, உள்ளுக்கு ஒரு பல்ப்பைப் போட்டு விடுங்கோ, இஞ்சை நாங்கள் வீட்டை அப்பிடித்தான் வைச்சிருக்கிறம் என்றாய். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ இருக்கிற ஊரில் ஈரமில்லாத குளிர், அங்கே மூடினால்தான் உயிர். இங்கே மாரி என்றால் பாதி குளிர், பாதி ஈரம், அந்த ஈரம் இத்தனை வருடத்தில் உனக்கு மறந்துவிட்டது, அது உன் பிழை இல்லை. ஆனால் கனடாவில் இருந்து பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் எந்தத் தகப்பனுக்கும் அது வேதவாக்கு. மதிலுக்கு என்ன நிறம் பூசுவது, எந்த டொக்டரிடம் காட்டுவது, கோயிலுக்கு எந்தச் சட்டை போடுவது எல்லாம் போனைக் கேட்டுத்தான் இப்போது நடக்கிறது. நானும் நீலத் தறப்பாளை எடுத்துக் கூட்டைச் சுற்றி வரிந்து, கயிறு போட்டு, விளிம்புக்குக் கல்லும் வைத்து ஒரு ஈ புகாமல் கட்டினேன். அம்மா விறாந்தையில் இருந்துகொண்டு, இஞ்சாருங்கோ, உதுகள் மூச்சு விட வேண்டாமோ என்று கேட்டார். மகள் சொன்னது, நீர் பேசாமல் இரும் என்றேன்.

சில நாள் விடாமல் அடித்தது. அதற்குள் ஒரு காலையில் தறப்பாளைத் தூக்கினால் உள்ளே இருந்து வந்த நாற்றத்தில் கண் எரிந்தது. மேலே இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வெளிமழை ஒரு துளியும் உள்ளே போகவில்லை மகள். கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஆவியும் பல்பின் சூட்டில் எழும்பி, சோற்றுப் பானை மூடியில் வேர்க்கிற மாதிரித் தறப்பாளில் வேர்த்து, திரும்ப அதுகளின்மேலேயே கொட்டியிருக்கிறது. விரித்திருந்த உமி களியாகிவிட்டது. இரண்டு விறைத்துக் கிடந்தன, ஒன்று சாம்பல், மற்றது லக்ஷன் போனில் கண்டால் பூனை பூனை என்று கூப்பிடுகிற கறுப்பு. அவனுக்கு இப்போது சொல்லாதே. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுக்க வெங்காயம் செய்கிறவன் நான். மாரிக்கு வைக்கிற விதை வெங்காயத்தை யாராவது தறப்பாளால் சுற்றுவானா? பிடிபிடியாகக் கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டு, கீழால் வந்த காற்று மேலால் போக இடம் விட்டுத்தானே காப்பாற்றுகிறோம். அடைத்து வைத்தால் வெங்காயம் அழுகும் என்று தெரிந்த எனக்கு, மூச்சு விடுகிற பிராணியும் அப்படித்தான் என்று தெரியாமல் போய்விட்டது. அம்மா நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தறப்பாளை அறுத்து எறிந்தேன். பனஞ்சலாகை அடித்து நிலத்தில் இருந்து உயர்த்தி ஒரு தட்டுப் போட்டு, அதன்மேல் காய்ந்த உமி தடிப்பாக விரித்தேன். வாடைக்காற்று வருகிற பக்கம் இடுப்பளவுக்குத் தென்னோலைக் கிடுகும் சாக்கும், அதற்கு மேலே கூரைக்குக் கீழ் ஒரு முழம் வெறுமையாக விட்டேன், காற்று கோழியின் தலைக்கு மேலால் போகும், உடம்பில் படாது. உமி ஈரம் பட்டால் அன்றன்றைக்கே மாற்றுகிறேன். கண்ணை மறைத்த மயிரையும் பின்பக்கத்துப் பஞ்சையும் கத்தரித்துவிட்டேன், வடிவு கெட்டுவிட்டது என்று அம்மாவுக்குக் கோபம். மிஞ்சின மூன்றும் நின்றுபிடித்தன. பகலில் கொஞ்சம் வெளித்தால் முற்றத்துக்கு இறங்கும், இறங்கினால் கால்மயிர் எல்லாம் சேறு, அந்தச் சேறு காயாமல் கூட்டுக்குள் போனால் திரும்பவும் ஈரம். கழுவித் துடைக்கிற வேலையை அம்மா தன் பொறுப்பில் எடுத்தார். நான் தண்ணீரை இளம் சூடாக வைத்துக் கொடுக்க வேண்டும். கழுவி, துவாயால் சுற்றி ஒற்றி, பிறகு மண்சட்டியில் சிரட்டைத் தணல் போட்டுச் சற்றுத் தள்ளி வைத்துக் கோழியைக் கரப்புக் கூடைக்குள் விட்டு, விரலால் மயிரைக் கோதிக் கோதிக் காய வைப்பார். தணலில் ஒரு கிள்ளுச் சாம்பிராணியும் போடுவார். பிள்ளை பெத்த வீடு மாதிரிக் கிடக்கு, கோழிக்கு முப்பத்தொண்டிலை துடக்குக் கழிக்க ஐயரிட்டைச் சொல்லி வைக்கட்டோ என்று நான் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு பார்த்தால் சேறு படாத நாளிலும் தண்ணி சுட வையுங்கோ என்கிறார். கூட்டைவிட்டு இறங்கவே இறங்காத கோழியைத் தூக்கி வந்து குளிப்பாட்டுகிறார். உந்தக் குளிருக்கை தேவையில்லாமல் நனைச்சுச் சாக்கொல்லப் போறீரோ என்று சண்டை பிடித்தேன். உன் அம்மா பத்மாவதியோடு சண்டை பிடித்து வென்றவர் யார், தண்ணீர் வைத்துத்தான் கொடுத்தேன். மூளையின் மற்றப் பக்கத்திலும் ஏதும் வந்துவிட்டதோ என்று எனக்குள் பயம், அதைக்கூட உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் விறகு எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வர, அம்மா உள்ளே பலகையில் இருந்து கால் இரண்டையும் நீட்டியிருந்தார். மிஞ்சின மூன்றில் வெள்ளைக் கோழியைக் காலின்மேல் மல்லாக்க நீட்டிக் கிடத்தியிருந்தார். அதுவும் ஒரு முனகல் இல்லாமல் கிடந்தது, அதுகளின் சுபாவம் அப்படி. இடது கை கழுத்துக்குக் கீழே ஏந்தியிருக்க, வலது கையால் செம்பில் தண்ணீர் அள்ளி, நெற்றியில் இருந்து கண்ணில் விழாமல் விரலால் அணைகட்டி வார்த்தார். நீ பிறந்து கிணற்றடியில் உன்னைக் குளிப்பாட்டினதும் இப்படித்தான். விறகோடு நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் இடது கை விட்டுவிட்டது. ஒரு சத்தம் இல்லை, தடுமாற்றம் இல்லை, விரல்கள் தாமாகத் திறந்தன. கோழி தலைகீழாகப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பேசினுக்குள் போனது. அம்மா இடது கையால் எடுக்கப் பார்க்கிறார், கை தண்ணீருக்குள் போய்க் கிடக்கிறது, மூடவில்லை. வலது கை செம்பை விட மறந்து பிடித்தபடி. நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். கோழிக்கு ஒன்றும் இல்லை, மூக்கால் தண்ணீர் வடித்தது, துடைத்துக் கரப்பில் வைத்துத் தணலைக் கிட்ட இழுத்தேன், பொழுதுபட முன்னரே தவிடு தின்றது. அம்மா கால் நீட்டினபடியே இருந்தார். நான் இவ்வளவு நாளும் கோழியையோ குளிப்பாட்டினனான் எண்டு நினைச்சியள் என்று கேட்டார். பிறகு, கோழி எண்டபடியால் நீங்கள் சிரிச்சுக்கொண்டு தூக்கினியள், பிள்ளை எண்டால் என்றார். நான் சிரிக்கவில்லை மகள், அம்மாவுக்கு என் முகம் அப்படித் தெரிந்திருக்கிறது.

நான் சொல்லிப் பார்த்தேன். குளிப்பாட்டிற வேலையை ஆரும் செய்வினம், நீர் போய்ப் பக்கத்திலை இருந்தால் பிள்ளைக்கு அதே காணும் என்றேன். பக்கத்திலை இருந்து பாக்கிறதுக்கோ கடல் தாண்டிப் போறது, அவள் தையல் வலியோடை குழந்தையையும் தூக்கி என்னையும் தூக்கி இருத்தவோ என்றார். டொக்டர் தேறும் எண்டுதானே சொல்லுறார் என்றேன். தேறும், மாசிக்கை தேறாது, அது டொக்டரைவிட எனக்குத் தெரியும், கையை வைச்சிருக்கிறது நான் என்றார். நான் மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிற சாட்டில் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது முகம் கழுவி விபூதி பூசிக்கொண்டு இருந்தார். பிள்ளைக்கு நான் வரேல்லை எண்டு எழுதுங்கோ, மருமோன்ரை தாயைக் கூப்பிடட்டும் என்றார். அதுதான் பதில் மகள். அம்மா வரமாட்டார், டிக்கெட் போடாதே. மொன்றியலில் இருக்கிற உன் மாமி உதயகலாவைக் கேள். சம்பந்தி அம்மாவுக்குத் தலைக்கு மை பூசத்தான் தெரியும், குழந்தையைத் தூக்கத் தெரியாது என்று உன் கலியாண நாளில் இருந்து சொல்லி வந்த அம்மாவின் வாயால் இது வந்தது என்றால் எவ்வளவு யோசித்து வந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். மாமியிடம் முகம் கோணாமல் கேள், அவர் நல்ல மனிசி, மை பூசினால் பூசட்டும்.

வேறு கோழி வாங்கி அனுப்புகிறேன் என்று தொடங்காதே. அம்மா இப்போது அதுகளைத் தொடுவதில்லை. மடிக்கு ஏற வந்தால் பொல்லால் மெல்லத் தள்ளிவிடுகிறார். நான்தான் கழுவுகிறேன், துடைக்கிறேன், தணலுக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கிறேன், என் முரட்டுக் கை அதுகளுக்குப் பிடிக்கவில்லை, துவாய்க்குள் இருந்து திமிறிக்கொண்டு கதிரைப் பக்கம் ஓடுகின்றன. கையைத் திரும்பப் பழக்கினால் தைக்குப் பிறகு இன்னும் தேறும் என்று சொல்லிப் பார்க்கிறேன், ஓம் ஓம் என்கிறார், கையை மடியில் சீலைத் தலைப்பால் மூடி வைத்திருக்கிறார். தோட்டத்திலும் தண்ணீர் நிற்கிறது, இந்த முறை மிளகாய் போனது போனதுதான். வாடை தொடங்கிவிட்டது, விடிய எழும்பினால் வீட்டுக்குள்ளும் உடுப்பெல்லாம் ஈரவாடை. போனில் கதைக்கும்போது அழாதே, சும்மா வந்தாவது இருங்கோ அம்மா என்று கெஞ்சாதே, நீ கெஞ்சினால் அம்மா வந்தாலும் வந்துவிடுவார், வந்து உன் வீட்டில் ஒரு மூலையில் கையை மறைத்துக்கொண்டு இருப்பதை உன்னாலும் பார்க்க ஏலாது, நானும் பொறுக்க மாட்டேன். வழக்கம் போலக் கதை, லக்ஷனைப் பாடச் சொல்லிக் காட்டு.

நிர்மலனிடம் பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குத்தூளும் நல்லெண்ணெயும் தந்துவிடுகிறோம், தூள் அம்மா தன் கையால் வறுத்தது, திரித்தது மட்டும் மில்லில். தலை முழுகினால் ஈரம் போகுமட்டும் காய வை, அரைகுறையாகத் துவட்டிவிட்டுப் படுக்காதே. மாமிக்குச் சொல், தண்ணீரை முழங்கையால் பார்க்கட்டும், விரலால் பார்த்தால் சூடு தெரியாது, குழந்தையின் கழுத்து மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் முதலில் ஒற்ற வேண்டும். இதெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. சுகமாகப் பெற்றெழும்பி இரண்டு பிள்ளைகளோடும் மருமகனோடும் நீடூழி வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கும். கடைசியாக ஒன்றை மறக்காமல் எழுதச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமி குழந்தையைக் குளிப்பாட்டும்போது போனைப் பிடித்துக் காட்ட வேண்டாமாம். குளிப்பாட்டி, துடைத்து, துணி சுற்றி முடிந்த பிறகு கூப்பிடட்டாம், அப்போது பார்க்கிறாராம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
வை. சீவரத்தினம்